கிளியருக்குள் ஒரு நார்

நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மூட்டம் கராஜ் வாசல்வரை வந்து நிற்கிறது. தேயிலைத் தோட்டத்துத் துரையின் வெள்ளைக் காருக்கு முன்னால் இராயப்பன் குந்தியிருக்கிறான். பம்பரில் பொருக்குப் பொருக்காய் உரிந்திருந்த பழைய கிளியர் பூச்சையும் சிராய்ப்புகளையும் காலையிலிருந்து வாட்டர் பேப்பரால் தேய்த்தெடுத்து, வெள்ளை அடித்துக் காயவைத்தாயிற்று. இனி மேலே கிளியர் மட்டும்தான். அது கண்ணாடி மாதிரி. அதற்குள் சிக்கிய தூசியைக்கூடப் பிறகு எடுக்க முடியாது. "நாய் ஒண்ணு குறுக்க பாஞ்சிருச்சுண்ணே," என்று டிரைவர் ஜெசிந்தன் மூன்றாவது தடவையாகச் சொல்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. இராயப்பனின் சட்டைப்பையில் ஒரு சாக்கு நார் இருக்கிறது. பம்பர் வெடிப்பிலிருந்து காலையில் வந்தது. அதில் சிவப்பு நூல் முடிச்சு ஒன்று. கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குச் சிவப்பு நூலில் ஓரம் தைப்பவள் அவன் குடியிருக்கும் லயத்து வீடுகளில் றீட்டா ஒருத்திதான். திங்கட்கிழமை ரோட்டு வளைவில் செத்துக் கிடந்தாள். அடித்த வண்டி எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. அவள் சவப்பெட்டியைச் சுமந்த அவன் தோள் இன்னும் வலிக்கிறது.

"நாய் படங்கு கட்டியிருந்திச்சா தம்பி?"

"அன்னைக்கி வண்டிய நான் ஓட்டலண்ணே," என்கிறான் ஜெசிந்தன், தரையைப் பார்த்து.

இராயப்பன் விரல் நுனியில் கிளியரைத் தொட்டு, நாரைப் பம்பரின் நட்டநடுவே ஒட்டுகிறான். ஜெசிந்தன் தடுக்கவில்லை. ஸ்ப்ரே கன் சீறுகிறது. ஈரப் பளபளப்புக்கு அடியில் சிவப்பு முடிச்சு துலக்கமாகத் தெரிகிறது.