முள்ளுக்கு அந்தப் பக்கம்

ஊருக்குள் தொற்று வரக்கூடாதென்று சாலையில் உடைமுள் வெட்டிப் போட்டவர்களில் பலவேசமும் ஒருவர். ஒன்பதாம் நாள் அவர் மனைவி முப்பிடாதிக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் முள்ளுக்கு அப்பால்தான் நின்றது. மனைவியை ஓரமாகக் கிடத்திவிட்டு, பலவேசம் வெறுங்கையால் முள்ளை இழுத்துப் போட்டார். எட்டி நின்ற ஊரார் யாரும் கிட்டே வரவில்லை.

“அண்ணாச்சி, கையெல்லாம் ரத்தம்” என்றாள் நர்ஸ்.

“அது கெடக்கட்டும். அவளப் பாருங்கம்மா.”

முள்ளைத் தாண்டித் தூக்கிப்போய் அவளை வண்டியில் ஏற்றினார். கூட யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டி மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருடைய தம்பி இசக்கி முள்ளைப் பழையபடி போட்டுக்கொண்டிருந்தான்.

“தப்பா நெனைக்காத அண்ணே. நீ அந்தப் பக்கமே இரு” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பலவேசம் குனிந்து, தன் பக்கம் கிடந்த கிளையொன்றை எடுத்து, மிச்சமிருந்த இடைவெளியை அடைத்தார்.