ரகசிய ஆய்வாளர்

“கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, எனக்குக் காது மந்தம்!” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“சூப் சூடா இருக்கு தாத்தா, பாத்துக் குடிங்கன்னேன்!” தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனாள் நர்ஸ்.

அவள் தலை மறைந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை உருவினார். ‘சூப்: சூடு சரி. நர்ஸ்: பொறுமைசாலி’ என்று எழுதி மறுபடி ஒளித்து வைத்தார். உண்மையில் அவருக்குப் பாம்புக் காது. அடுத்த அறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.

விஷயம் இதுதான். ரிடையரான ஸ்டேஷன் மாஸ்டர், இந்த முதியோர் இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் டிரஸ்டி. சம்பளமெல்லாம் கிடையாது, சுத்தமான தொண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் தலைவரே வீடு தேடி வந்து, “உங்களை மாதிரி கறாரான ஆளுதான் சார் எங்களுக்கு வேணும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனிதர் குளிர்ந்துபோய்விட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே தலைவர் ஒரு குண்டைப் போட்டார். “இல்லத்துல கவனிப்பு எப்படி இருக்குன்னு ரகசியமாப் பாக்கணும். யாரோ ஒரு வயசானவர் மாதிரி நடிச்சு நீங்க அங்க பத்து நாள் தங்கணும்.”

“வயசானவர் மாதிரியா? எனக்கு வருமா?” என்று கவலைப்பட்டார், எண்பத்தொரு வயது ஸ்டேஷன் மாஸ்டர்.

“கஷ்டம்தான். முயற்சி பண்ணிப் பாருங்க” என்றார், அவரைவிட மூன்று வயது மூத்த தலைவர்.

மகளை நினைத்தால்தான் உதைத்தது. அவர் குளியலறையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்ததிலிருந்து, “தனியா இருக்க வேண்டாம்பா, ஒரு நல்ல ஹோமாப் பாத்துச் சேந்துடுங்க” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். “உயிர் இருக்கற வரைக்கும் என் வீட்டை விட்டு எந்த ஹோமுக்கும் போகமாட்டேன்” என்று அவர் சத்தியமே செய்திருந்தார். இப்போது பெட்டியும் கையுமாகக் கிளம்பினால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா?

“இது வெறும் ஆய்வு! வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்ல இருப்பேன்” என்று மூன்று முறை சொன்னார்.

“சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிக்கொண்டே, நல்ல கோடையில் அவள் கம்பளிச் சட்டையையும் பெட்டியில் வைத்தாள். சரியான அசடு!

இன்று வியாழக்கிழமை. நாளை விடுதலை. ரிப்போர்ட்டில் எழுத ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை என்பதில்தான் அவருக்கு வருத்தம். இரண்டு கிலோ எடை வேறு கூடியிருந்தது. சாயங்காலமானால் சீட்டாட நாலு பேர் கிடைத்தார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதை நோட்டில் எழுதவில்லை.

எதிர் அறைக்காரர் மேல் மட்டும் ஒரு சந்தேகம். எப்போது பார்த்தாலும் “நீங்க யாரு?” என்று கேட்பார். ஞாபக மறதியாம். ஆனால் சீட்டாட்டத்தில் யார் எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்.

சூப்பை முடித்துவிட்டு மெல்ல எட்டிப் பார்த்தார். எதிர் அறைக்காரர் குளியலறைக் கைப்பிடியை டேப் வைத்து அளந்து, குட்டி நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார்!

“கையும் களவுமா மாட்டினீரா! யாருய்யா நீர்?”

“நீங்க யாரு?”

“அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்!”

எதிர் அறைக்காரர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். “கத்தாதீங்க சார், காரியம் கெட்டுடும். நான் இந்த அறக்கட்டளையோட டிரஸ்டி. ரகசிய ஆய்வுக்கு வந்திருக்கேன். மறதியெல்லாம் நடிப்பு.”

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யோவ், டிரஸ்டி நான்யா! ஆய்வுக்கு வந்ததும் நான்! எந்தக் கூட்டத்துலயும் உம்மைப் பாத்ததே இல்லையே?”

“உங்களுக்குக் காது கேக்காதே!”

“அதுவும் நடிப்புதான்!”

சட்டையைப் பிடிக்காத குறையாக அவரை மேனேஜர் அம்மாளிடம் இழுத்துக்கொண்டு போனார். “இந்த டூப்ளிகேட் டிரஸ்டியை உடனே வெளியே அனுப்புங்க!”

மேனேஜர் அம்மாள் பெருமூச்சு விட்டார். “டூப்ளிகேட் இல்ல சார். இவரும் ஒரிஜினல் டிரஸ்டிதான். ஆய்வுக்கு வந்து ஆறு வருஷமாச்சு.”

“ஆறு வருஷமா?”

“கைப்பிடி மட்டும்தான் பாக்கி” என்றார் எதிர் அறைக்காரர் அவசரமாக.

“என்ன சார் செய்யறது? ‘இல்லத்துல வந்து தங்குங்க’ன்னு கூப்பிட்டா ஒருத்தரும் வர்றதில்ல. ‘டிரஸ்டியா வாங்க’ன்னா எல்லாரும் ஓடி வந்துடறாங்க. இங்க இருக்கற நாப்பத்திரண்டு பேருமே ஆய்வுக்கு வந்தவங்கதான். பிள்ளைங்க என்கிட்ட வந்து சொல்லுவாங்க, நான் தலைவர்கிட்ட இவரை டிரஸ்டியாப் போடலாம்னு சொல்லி, அப்புறம் ஆய்வு யோசனையையும் சொல்லுவேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

ஸ்டேஷன் மாஸ்டருக்கு முகம் சிவந்தது. “என் பொண்ணும் இதுக்கு உடந்தையா? தலைவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா யார் நம்பறது? நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தத் தலைவர் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!”

“அவ்வளவு தூரம் போக வேண்டாம் சார். நீங்க ஒழுங்கா ஆய்வு பண்றீங்களான்னு ரகசியமாப் பாக்கறதுக்கு, நாளைக்கு அவரே உங்க பக்கத்து ரூமுக்கு வர்றார். அவர் பையன் இப்பதான் போன் பண்ணினார், ரெண்டு பெட்டி கட்டியாச்சாம்.”

ஸ்டேஷன் மாஸ்டர், “அப்ப நான் எப்படிப் போறது? அவரை யாராவது கண்காணிக்க வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு, புது நோட்டு ஒன்று வேண்டும் என்றார்.