அணையடிப் புல்வெளி

"நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்கன்னு தெரியும் சகலை. என் பதவி உயர்வு உங்க கண்ணை உறுத்துது" என்றார் அணை அதிகாரி.

மண் அணைக்குப் பாதுகாப்புச் சான்று தர வந்திருந்த ஆய்வாளர், அவர் மனைவியின் தங்கை கணவர். இருவருக்கும் கல்யாணப் பந்தியிலிருந்தே ஆகாது.

மலையில் பெய்த மழையில் அணை நிரம்பி நின்றது. கீழே இருந்த ஊரிலோ மூன்று மாதமாகத் தூறல்கூட இல்லை. ஊரே காய்ந்து கிடக்க, அணையடியில் அதிகாரி போட்ட புல்வெளி மட்டும் பச்சைப் பசேலென்றிருந்தது. ஆய்வாளர் மதகுப் பக்கமே போகாமல் அங்கேயே நின்றார்.

"இது எப்பலேருந்து இவ்வளவு பச்சை?"

"வயிறெரியுதா? உங்க வீட்டுத் தொட்டியில ஒரு ரோஜாகூடப் பிழைச்சதில்லையே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒரு மாசமா. அமைச்சரே இதுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். சிறந்த பராமரிப்புன்னு கேடயம் வேற கொடுத்தார்."

"தண்ணி விட எத்தனை ஆள்?"

"ஆளா? நிர்வாகம்னா என்னன்னு கத்துக்கோங்க. தோட்டக்காரரைக் கோடையிலேயே நிறுத்திட்டேன். குழாயையும் கழட்டியாச்சு. சொட்டுத் தண்ணி விடாமலே வளருது. என் கைராசி அப்படி."

ஆய்வாளர் போனை எடுத்து, கீழே இருக்கும் ஊரை உடனே காலி செய்யச் சொன்னார்.

"புல்லுக்காக ஊரைக் காலி பண்றீங்களா? பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்."

"அதுக்கு அணைதான் தண்ணி விடுது சகலை. உள்ளே மண்ணு கரையுது. மேட்டுக்கு ஏறுங்க."

அதிகாரி அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவருடைய புது ஷூவுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது.