பாட்டில் வந்த 4317

“அந்தப் பிள்ளைய ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் அண்ணாச்சி. கால்ல விழுந்தாவது ஒண்ணு கேக்கணும்.”

கோவில்பட்டிக் கல்லூரி மைதானத்தின் வாசலில் நின்ற காவலாளி சுடலைமாடன், சங்கரபாண்டியனை ஏற இறங்கப் பார்த்தார். அறுபதை நெருங்கும் ஆள், ராக் பாட்டுக்காரி செல்வமாரியைப் பார்க்க வேகாத வெயிலில் வந்து நிற்கிறாரே என்றிருந்தது அவருக்கு.

“கச்சேரி ஆறு மணிக்குத்தான். இப்பம் மைக் டெஸ்ட் பண்ணுதாவ.”

உள்ளே டிரம்ஸ் அதிர்ந்தது. அதைக் கிழித்துக்கொண்டு செல்வமாரியின் குரல் வந்தது. “நாலு மூணு ஒண்ணு ஏழு… நீ எங்கன இருக்க? எங்கன இருக்க?”

சங்கரபாண்டியன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன நம்பருன்னு ஊரே மண்டையப் போட்டு உடைச்சுக்கிடுது” என்றார் சுடலைமாடன். “ஒருத்தன் பரீட்சை நம்பருங்கான், ஒருத்தன் ஜெயில் நம்பருங்கான். பேட்டியில கேட்டா, ‘தெரிய வேண்டியவருக்குத் தெரியும்’னு முடிச்சிருது அந்தப் பிள்ளை.”

சங்கரபாண்டியனுக்குத் தெரியும். அது அவர் ஓட்டிய லாரியின் நம்பர்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் வந்தபோது பட்டப்பகலில் கண் ஒரு நொடி சொருகியது. பருத்திக்காட்டு ஓரமாக நடந்து போன பெண் அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். அவள் கையைப் பிடித்து வந்த எட்டு வயது மகள் கால் முறிந்து கரிசலில் கிடந்தாள்.

பிள்ளையை அள்ளி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். “ரோட்டுல கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு ஓடியவர்தான்.

இந்த ஆறு மாதமாக டீக்கடையில் அந்தப் பாட்டு, பஸ்ஸில் அந்தப் பாட்டு, சொந்தப் பேத்தியின் செல்போனிலும் அதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் போலீஸ் வந்து தோளைத் தொட்டதுபோல உடம்பு தூக்கிப்போடும். சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பியிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சுடலைமாடன் கதவைத் திறந்துவிட்டார்.

செல்வமாரி தண்ணீர் குடிக்க மேடையிலிருந்து இறங்கினாள். இடது காலை லேசாக இழுத்து நடந்தாள்.

“அந்தப் பாட்ட இனிமே பாடாத தாயி. என்னால தாங்க முடியல.”

“ஏன் அண்ணாச்சி?”

“அது… நான் ஓட்டுன வண்டி நம்பரு.”

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானா அது? அரைமணி நேரம் பிந்தியிருந்தா நான் இல்லைன்னு டாக்டர் சொன்னாவ. என்னையத் தூக்கிட்டு வந்து சேத்தது நீங்கதான?”

கிட்டார்க்காரர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

“கேஸுல என்ன எழுதியிருக்கு தெரியுமா அண்ணாச்சி? அடையாளம் தெரியாத வண்டி ஒண்ணு எங்கம்மாவ அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டுன்னு.”

சங்கரபாண்டியனுக்குப் புரிந்தது. போலீஸ் இல்லை, ஜெயில் இல்லை. ஊரெல்லாம் பாடும் பாட்டில் அவர் சாமியாகியிருந்தார். ‘ஆமா’ என்று தலையை ஆட்டிவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நிக்காமப் போன வண்டின்னு ஒண்ணு கெடையாது தாயி. ரெண்டும் ஒரே வண்டிதான். ஒங்கம்மாவக் கொன்னதும் இந்தப் பாவிதான்.”

படம் எடுத்தவன் செல்போனை இறக்கினான்.

செல்வமாரியும் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை அவள் விடவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

“தெரியும் அண்ணாச்சி. கரிசல்ல கெடந்து நான் பாத்த நம்பரு அது, போலீசுட்டகூடச் சொல்லல. இத உங்க வாயால கேக்கத்தான் பாடுனேன்.”