கையில் கனக்காத துப்பாக்கி

புல்வெளியில் யாரோ நடமாடுவதுபோல் அடிக்கடி கனவு கண்டு, முயலுக்குத் தூக்கமே போயிருந்தது. பனி விலகாத ஒரு காலையில் அது ஏர் கன் வாங்கப் புறப்பட்டது.

கடைக்கார முள்ளம்பன்றி ஒரு நீளமான துப்பாக்கியை எடுத்து நீட்டியது. முயலால் அதைத் தோள்வரை தூக்க முடியவில்லை.

"தூக்கிக் குறிபார்க்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான் அம்மா."

"அந்த நேரம்தான் எனக்கு இருக்காது. சின்னதாக, லேசாக ஒன்று கொடுங்கள்."

முள்ளம்பன்றி உள்ளேயிருந்து குட்டையான ஒன்றைக் கொண்டுவந்தது. நாணல் தட்டையைவிட லேசு. "கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லையே!" என்று முயல் மகிழ்ந்தது.

திரும்பும் வழியெல்லாம் பனி வெள்ளையாக மிதந்தது. ஓர் இலை உதிர்ந்தது, துப்பாக்கி உயர்ந்தது. ஒரு பனித்துளி சொட்டியது, துப்பாக்கி உயர்ந்தது. வீட்டருகே புல் அசைந்ததும் அது உயர்ந்து, வெடித்தும்விட்டது.

"அக்கா! நான்தான்!"

பக்கத்துப் புதரில் குடியிருக்கும் காடை. முயலைக் காணோமே என்று எதிர்கொண்டு அழைக்க வந்திருந்தது. பனிக்குள் ஓர் இறகு மெல்ல மெல்ல இறங்கியது.

முயல் பதறி ஓடியது. "அடி பட்டுவிட்டதா கண்ணு?"

"இறகுதான் அக்கா. போகட்டும்." காடை துப்பாக்கியையே பார்த்தது. "ரொம்ப லேசோ?"

மறுநாளிலிருந்து காடை, "அக்கா, நான்தான் வருகிறேன்" என்று தூரத்திலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தது. நாளுக்கு நாள் அந்தக் குரல் இன்னும் தள்ளிக் கேட்டது. பிறகொரு காலையில், முயல் எவ்வளவு காதைத் தீட்டியும் எதுவும் கேட்கவில்லை.