முதல் கரண்டி

ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும் முன்பும் பொன்னுத்துரை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

வாய்க்கு வந்ததை விழுங்குவதற்கு அதைவிட நல்ல வழி அவருக்குத் தெரியவில்லை.

எதிரே கமலாட்சி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, மாவ்பி ஊரில் சொந்தமாக மருந்துக்கடை. அப்பா தமிழர், அம்மா பர்மியர். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். சாப்பிட்டு முடித்து மாவ்பி பஸ் ஏறுவதற்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தாள்.

இந்தச் சம்பந்தத்தை ஏற்பாடு செய்த பவுனம்மாள் நேற்றே எச்சரித்துவிட்டாள்.

"செத்தாலும் மூத்தாள் மூத்தாள்தான். அங்க போயி நீலாம்பாள் பேச்ச எடுத்தீங்க, இந்த ஜென்மத்துக்கு நீங்க ஒத்தக்கட்டைதான், பாத்துக்குங்க."

மனைவி நீலாம்பாள் போய் நான்கு வருடமாகிறது. நான்கு வருடமாக மூன்று வேளையும் டீக்கடைச் சாப்பாடு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்க வீட்டில் ஒரு நாதி இல்லை.

கமலாட்சி கேட்டாள். முதல் தடவை போனில் பேசியபோதே, குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டு, இருமலுக்கு மருந்தும் சொன்னாள். மனிதர் அன்றைக்கே விழுந்துவிட்டார்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் இரண்டு நாள் தூக்கம் போனது. பர்மிய மரியாதைப்படி டாவ் கமலாட்சி என்றால் கிழவி ஆக்கிவிட்ட மாதிரி. வெறும் கமலாட்சி என்றால் அதிகப்பிரசங்கித்தனம். கடைசியில், இளையவர்களுக்குச் சொல்கிற மரியாதையில் மா கமலாட்சி என்று கூப்பிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

இடம் அவர் பார்த்து வைத்ததுதான். தமிழர்கள் கூடும் லான்மடாவ் பிரியாணிக் கடையில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்தால், அவர் கை கழுவுவதற்குள் சேதி கோயில் வரைக்கும் போய்விடும். போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த இந்த ஸ்பெயின் சாப்பாட்டுக் கடையில் சொந்தக்காரன் எவனும் தலைகாட்ட மாட்டான். விலையும் கைக்கு அடக்கம்.

கடைக்காரர் கோ தெட் ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் எட்டு வருடம் அடுப்படியில் நின்றவர். விடிந்ததும் சந்தைக்குப் போவார், கண்ணுக்கு நல்லதாகப் பட்டதை வாங்குவார், அந்த ஊர்ப் பக்குவத்தில் சமைப்பார். அன்றைக்கு உள்ளது மட்டும் கரும்பலகையில் இருக்கும். இன்று வாத்து என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, ஆற்று இறால் சோறு என்று எழுதியிருந்தார்.

முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மின்வெட்டைப் பற்றிப் பேசினார்கள். மருந்து கிடைக்காத கஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நீலாம்பாளின் பெயர் நான்கு தடவை நாக்கு நுனிவரை வந்து தண்ணீரோடு உள்ளே போனது.

பிறகு சோறு வந்தது.

தட்டு வரவில்லை. அகலமான இரும்புச் சட்டியை அப்படியே நடுவில் வைத்து இரண்டு கரண்டிகளை நீட்டினார் கோ தெட். அவர் இருந்த ஊரில் இப்படித்தானாம். ஆளுக்கொரு பக்கமிருந்து ஒரே சட்டியில் சாப்பிட வேண்டுமாம்.

பொன்னுத்துரைக்கு வியர்த்துவிட்டது. தாலி கட்டாத பெண்ணோடு ஒரே சட்டியில் எச்சில் கலப்பதா? அடுத்த மேசையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மஞ்சள் சோற்றின் மேல் கையகல இறால்கள் முழுத் தலையோடு கிடந்தன.

பதற்றத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டார்.

"நீலாவுக்கு இந்தத் தலைன்னா உசிரு. மொதல்ல அதத்தான் எடுப்பா."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

கமலாட்சியின் கை கரண்டி மேல் அப்படியே நின்றது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பஸ் நிற்கும் பக்கமாகப் பார்த்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று. அதுவும் தன் வாயாலேயே. பொன்னுத்துரைக்குக் கண் கரித்தது. நீலாம்பாளைச் சொல்லிவிட்டதற்கு வருத்தமா, இத்தனை நேரம் சொல்லாமல் மறைத்ததற்கு வருத்தமா என்று அவருக்கே விளங்கவில்லை.

கமலாட்சி ஒரு சின்னத் தட்டுக் கேட்டு வாங்கினாள்.

சட்டியில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. முதல் கரண்டிச் சோற்றை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். மேலே ஒரு இறாலை வைத்தாள். தட்டை மேசையின் ஓரமாக நகர்த்தி, ஒரு நொடி கைகூப்பினாள்.

பொன்னுத்துரைக்குத் தெரிந்த வழக்கம்தான். பர்மியர் வீட்டில் முதல் கரண்டி மூத்தவர்களுக்கு. அவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர்களை நினைத்துத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். எழுந்து போகாமல் சாப்பிடவாவது செய்கிறாளே, அந்த மட்டும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்குங்களா?" என்றார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இல்லிங்க. அக்காவுக்கு."

சொல்லிவிட்டுத் தன் பக்கத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி போலிருந்தது.

பொன்னுத்துரையும் தலையாட்டிவிட்டுக் கரண்டியை எடுத்தார். சோறு உப்பும் உறைப்பும் அளவாக, அடியில் லேசாகத் தீய்ந்து ருசியாக இருந்தது.

இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான், பவுனம்மாள் சொன்ன குடும்ப விவரம் அவருக்கு நினைவு வந்தது. கமலாட்சிதான் வீட்டுக்கு மூத்தவள். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர், மூன்றும் தம்பிகள்.