கல்லின் மேல் வைத்த காப்பு

கட்டைவிரல்தான் விடவில்லை.

கடல்நாய்க் கொழுப்பை மணிக்கட்டு முழுக்கப் பூசியாயிற்று. இரும்புக் காப்பு வழுக்கிக்கொண்டு வருகிறது, கட்டைவிரலின் அடிமூட்டில் வந்து நின்றுவிடுகிறது. வயிற்றுவலி என்று சொல்லிப் பனிக்காலம் முழுக்க அரைவயிறு சாப்பிட்டுக் கையை இளைக்க வைத்திருந்தாள். கை இளைத்தது. எலும்பு எப்படி இளைக்கும்?

கீழே துறையில் உப்பு வியாபாரி கோர்மாக் கடைசிக் கம்பளி மூட்டையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் பிறந்த கரைக்காரன். கோடைக்கு ஒருமுறைதான் வருவான். தீவுச் சனம் மொத்தமும் மேற்குச் சரிவில் கடற்பறவை பிடிக்கப் போயிருந்தது.

இன்றைக்கு விட்டால் அடுத்த கோடை. அதுவரை அவள் தாங்கமாட்டாள்.

இந்த ஹிர்வே ஒரு காலத்தில் மிதந்து திரிந்த தீவாம். நினைத்தால் எழும்புமாம், நினைத்தால் முழுகுமாம். இரும்பு பட்ட பிறகுதான் ஒரு இடத்தில் நின்றதாம். அதிலும் விலைக்கு வாங்கிய இரும்பு செல்லாது. வெளியூரிலிருந்து வரும் மருமகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இரும்பாக இருக்க வேண்டும். தீவுக்கும் சீர் வேண்டியிருக்கிறது.

கல்யாணத்தன்றே கொல்லன் அதைக் காப்பாக வளைத்து மணிக்கட்டில் அடித்து மூடிவிடுவான். அதற்குப் பிறகுதான் கதையைச் சொல்வார்கள். வெளியாளிடம் மூச்சு விடமாட்டார்கள்.

காப்பு போட்டவள் கரை தாண்டக் கூடாது.

மற்ற மருமகள்களின் காப்புகள் உப்புக்காற்றில் துருவாகி உதிர்ந்துவிட்டன. போன பெண் ஒருத்தியும் தாய்வீடு எட்டிப் பார்க்காததால் இப்போது எந்தக் கரையிலும் பெண் கொடுப்பதில்லை. மிச்சம் இவள் கையிலிருப்பது ஒன்றுதான். கட்டியவனைக் கடல் கொண்டுபோன பிறகும் இவளை விடவில்லை. அடிக்கவில்லை, வையவில்லை. தங்கமாகத்தான் வைத்துக்கொண்டார்கள்.

நாத்தனார் பிரீனா காலை தவறாமல் கொழுப்புக் கிண்ணத்தோடு வருவாள். துருவேறாதபடி காப்பைத் துடைத்துப் பூசிவிடுவாள். தோல் புண்ணான இடத்தில் மெதுவாக ஊதுவாள்.

"கை நோகும்னு தெரியும் அண்ணி. ஆனா நாங்க எங்க போறது?"

இவளுக்குச் சிரிப்புதான் வரும். இத்தனை பெரிய மலையும், ஆடும், ஆளும் இந்த ஒரு காப்பில் தொங்குகிறதாக்கும். ஒரு நாளும் அவள் அதை நம்பியதில்லை.

முந்தானைக் கம்பளியை வாயில் திணித்துக்கொண்டாள். கட்டைவிரலைப் பாறையில் வைத்து, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன் மேல் சாய்த்தாள்.

உள்ளே ஏதோ நழுவியது.

காப்பு கழன்று விழுந்தது.

கடலில் வீசியிருக்கலாம். வீசத்தான் நினைத்தாள். பிரீனா ஊதுகிற முகம் நினைவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. துறையில் எல்லார் கண்ணிலும் படுகிற தட்டைக் கல்லின் மேல் அதை வைத்தாள். உங்களுக்கு இரும்புதானே வேண்டும், இதோ இருக்கிறது. என்னை விட்டுவிடுங்கள்.

படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கோர்மாக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து ஏறினான்.

துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கோர்மாக் தீவைப் பார்த்தபடி வலித்தான். அவள் அவனைப் பார்த்தபடி இருந்தாள். தீவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பனிமூட்டம் துளிகூட இல்லை.

காப்பு இருந்த இடத்தில் காற்று பட்டது. அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா உயிரோடு இருப்பாளா, தன்னை அடையாளம் தெரியுமா என்றெல்லாம் யோசிக்கக்கூடத் துணிச்சல் வந்தது.

வெகுதூரம் வந்த பிறகு கோர்மாக் ஒரு கையால் சட்டைக்குள் துழாவினான்.

"இந்தா தாயி. அவசரத்துல கல்லு மேல விட்டுட்டு வந்துட்ட. இரும்பை யாராச்சும் விட்டுட்டு வருவாங்களா? நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

காப்பை அவள் மடியில் வைத்தான். கொழுப்பின் பிசுக்கு இன்னும் போகவில்லை.

அவன் முகத்தில் நல்லது செய்த திருப்தி.

வெறும் கதைதானே. இத்தனை வருஷம் சிரித்த கதை.

திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

திருப்பவில்லை. கோர்மாக்கின் கண்களையே பார்த்தாள். அவை அவள் தோளுக்கு மேலே, எப்போதும் போல, தூரத்தில் ஊன்றியிருந்தன. துடுப்பு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள். பறவை பிடித்துவிட்டு இந்நேரம் கீழே இறங்கியிருப்பார்கள். பிரீனா அண்ணியைத் தேடுவாள்.

துடுப்பு நின்றது.

கோர்மாக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். கழுத்தை நீட்டிப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான், வந்த திசையை மறுபடி பார்த்தான்.

"இது என்ன..." என்றான்.

அவள் திரும்பவில்லை. மடியில் கிடந்த காப்பை எடுத்து அவசர அவசரமாகக் கையில் மாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

கை வீங்கியிருந்தது.